மலைநாட்டுப் பாத்திக்கு எந்தப் பாப்பி?

பாப்பி என்று ஒரே பெயரில் விற்றாலும் விதைப் பொதிக்குள் இருப்பது ஒரே செடி அல்ல. மலைநாட்டு முற்றத்துக்குச் சரிவருபவை மூன்று: சிவப்பு வயல் பாப்பி (ஷர்லி என்று விற்பதும் இதுதான்), ஐஸ்லாந்து பாப்பி, கலிபோர்னியா பாப்பி. நுவரெலியா, கந்தப்பளை உயரத்துக்கு முதல் இரண்டும் நல்லவை. பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து வறண்ட சரிவுகளுக்கு மூன்றாவது.

எதை விதைத்தாலும் முதல் வேலை மண்ணில்தான். தேயிலை நின்ற நிலம் புளிப்பு மண், பி.எச். அளவு 5 அளவில் நிற்கும். பாப்பிக்கு 6க்கு மேல் வேண்டும். சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் டொலமைட் (சுண்ணாம்புக் கல் தூள்) தூவி, விதைப்புக்கு ஆறு வாரம் முன்பே கொத்திக் கலந்துவிட வேண்டும். அது மெல்லத்தான் வேலை செய்யும்; விதைக்கிற அன்று தூவிப் பயனில்லை. மாட்டெருவையும் அள்ளிப் போடக்கூடாது. இலை கொழுக்கும், தண்டு சாயும், பூ குறையும்.

வயல் பாப்பியின் விதை தூசி மாதிரி. கால் தேக்கரண்டி விதையை ஒரு சுண்டு உலர்ந்த மணலில் கலந்தால் ஏழெட்டுச் சதுர மீட்டருக்குப் போதும். தூவிய பின் பலகையால் அழுத்துங்கள், மண் போட்டு மூடாதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். “விதை பழசு” என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் மூடிப் புதைத்தவர்கள்தான். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நடுவதும் ஆகாது. நெருக்கமாக முளைத்ததைக் களைந்து, செடிக்குச் செடி 20 சென்ரிமீட்டர் விடுங்கள். ஜனவரி நடுவில் விதைத்தால் ஏப்ரல் வசந்த காலத்துக்குப் பூக்கும். இலேசான பனி விழுந்தாலும் தாங்கும், மே மாத மழையைத் தாங்காது. ஒரு பூவுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான், ஆனால் மொட்டு வந்துகொண்டே இருக்கும்.

கலிபோர்னியா பாப்பியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லும் சரளையுமான சரிவில் தூவிவிட்டால் போதும். தண்ணீர் அதிகமானால்தான் கெடும். மேகம் மூடிய நாளில் இதழை விரிக்காது. அதனால் மூடுபனி அடிக்கடி இறங்கும் இடத்தில் இதை நடுவது வீண்.

ஐஸ்லாந்து பாப்பிக்குக் கவனிப்பு வேண்டும், ஆனால் ஜாடியில் வைக்க இதற்கு ஈடில்லை. பெயர்தான் ஐஸ்லாந்து, சொந்த ஊர் சைபீரியப் பக்கம். ஒக்டோபரில் மழை படாத கூரைக்கடியில் தட்டில் விதைத்து, நாலைந்து இலை வந்ததும் வேர் கலையாமல் நட வேண்டும். இலைக்கொத்தின் நடுப்பகுதி மண்ணுக்குள் போனால் அழுகல் நிச்சயம். காற்றடிக்கும் இடமென்றால் கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறைப் பக்கத்தில் ஊன்றிவிடுங்கள். மொட்டு ரோமம் போர்த்தி, கழுத்தை மடித்துத் தொங்கும். பூக்கும் தறுவாயில் நிமிர்ந்து, உறை வெடித்து, கசங்கிய பட்டு மாதிரி நிறம் எட்டிப் பார்க்கும். வெட்டும் நேரம் அதுதான். காலையில் வெட்டி, தண்டு நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் பத்து விநாடி கருக்கினால் பால் வடிவது நிற்கும், பூவும் ஐந்து நாளாவது நிற்கும். ஒரே பாத்திதான் இருக்கிறதென்றால் எங்கள் தேர்வு இதுவே.

‘பியோனி பாப்பி’ என்று பொதி வந்தால் வாங்காதீர்கள். அது அபினிச் செடி. இலங்கையில் வளர்ப்பது குற்றம். சாம்பல் பூத்த பச்சை, ரோமமில்லாத தண்டு, தண்டைத் தழுவிய இலை என்பவை அடையாளம். தமிழ்நாட்டார் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அதன் விதைதான். நம் ஊர் பலூடாவில் வழவழவென்று ஊறி மிதக்கும் கசகசா துளசி இனத்து விதை. பெயர் மட்டுமே ஒன்று.

நினைவுச் சின்னம் என்று வந்தால் வயல் பாப்பி தனி. முதலாம் உலகப் போரில் குண்டும் பதுங்குகுழியும் புரட்டிய பெல்ஜியத்துப் பிளாண்டர்ஸ் மண்ணில், புதைந்து கிடந்த விதைக்கு வெளிச்சம் பட்டுச் சிவப்பாகப் பூத்தது. பாத்தியில் மூடாதே என்பதற்கும் அதே காரணம். 1921 முதல் பிரித்தானியாவில், அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11க்கு, படைவீரர் உதவிக்காகச் செயற்கைப் பாப்பி விற்றார்கள். அந்த வழக்கம் இலங்கைக்கும் வந்தது. அந்தப் போரில் துருக்கியின் கலிப்போலியில் நின்ற சிலோன் தோட்டத்துரைமார் படைப்பிரிவை நினைத்தால், துரைமார் சட்டையில் அது ஏன் ஏறியது என்று புரியும். ஆனால் வசூல் பிரித்தானியப் படைவீரர்களுக்கே போகிறது என்ற குறையில் 1931இல் முன்னாள் படைவீரர் ஏலியன் பெரேரா அதே நாளில் சூரிய மல்லை விற்கத் தொடங்கினார். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதை எடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தார்கள். சூரிய மல் என்பது நமது பூவரசம்பூ.

நவம்பரில் இரண்டில் எதை நிஜப்பூவாகக் குத்துவதும் மலையில் எளிதல்ல. பாப்பி வேண்டுமென்றால் ஓகஸ்டில் பொலித்தீன் கூரைக்கடியில் விதைக்க வேண்டும். பூவரசு கரையோர மரம், கீழேயிருந்துதான் வர வேண்டும். காலையில் மஞ்சளாக இருக்கும்போதே குத்திக்கொள்ளுங்கள். பொழுது சாயும்போது அதுவும் சிவந்துவிடும்.