வெளிநாட்டுக் காப்புரிமை: பிசிடி சேவை யாருக்கு லாபம், யாருக்கு வீண்?

இந்தியாவில் முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 12 மாதம். அதற்குள் வெளிநாட்டுக்கு எந்த வழியில் போவது என்று முடிவு செய்தாக வேண்டும். முதலில் போட்டது புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பமாக இருந்தாலும் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடும். பிறகு கம்ப்ளீட் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது முழு விவரக்குறிப்பு, கொடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு உரிமையை இழப்பவர்கள் உண்டு.

வழிகள் இரண்டு. பாரிஸ் உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டிலும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அல்லது ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ நடத்தும் பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) சேவையில் ஒரே விண்ணப்பம் போட்டுவிட்டு, நாடுகளைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். இதை விற்கும் சிலர் 'சர்வதேசக் காப்புரிமை' என்று சொல்லி விற்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. பிசிடியில் நாம் வாங்குவது கால அவகாசமும், இதே மாதிரி கண்டுபிடிப்பு முன்பே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஒரு தேடல் அறிக்கையும் மட்டுமே. காப்புரிமை தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அலுவலகத்தின் வேலை.

அவகாசம் தாராளமாகவே கிடைக்கிறது. அமெரிக்கா, சீனா, ஜப்பானில் முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, 30 மாதம். ஐரோப்பா, தென்கொரியாவில் 31 மாதம். சீனாவில் கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 2 மாதம் வாங்கலாம். மொழிபெயர்ப்புச் செலவும் வெளிநாட்டு வழக்கறிஞர் செலவும் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போகின்றன. சந்தை எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியாத சிறு நிறுவனத்துக்கு இது பெரிய உதவி.

சர்வதேசக் கட்டணம் 1,330 சுவிஸ் பிராங்க். அது 30 பக்கம் வரைக்கும்தான். அதற்குமேல் பக்கத்துக்கு 15 பிராங்க். விண்ணப்பப் படிவம், கிளெய்ம்கள் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதி), சுருக்கம், வரைபடங்கள் எல்லாமே பக்கக் கணக்கில் சேரும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம் என்று பரப்பி வைத்தால் வீண் செலவு. ஆன்லைனில் போட்டால் கோப்பு வடிவத்தைப் பொறுத்துத் தள்ளுபடி உண்டு. இந்தியக் குடிமகனாக, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இந்தக் கட்டணத்தில் 90 சதவீதம் குறையும். ஆனால் கூட்டு விண்ணப்பதாரர்களில் ஒரு கம்பெனி இருந்தாலே சலுகை போய்விடும். உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் தனிநபர் பெயரில் போட்டுச் சலுகை கேட்பதும் கூடாது.

இந்தச் சேவையில் உண்மையில் விலைமதிப்புள்ளது தேடல் அறிக்கையும் அதோடு வரும், காப்புரிமை கிடைக்குமா என்பது பற்றிய எழுத்துவழிக் கருத்தும்தான். எந்த அலுவலகம் தேட வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். இந்திய அலுவலகம் 2013 முதல் இந்தத் தேடலைச் செய்கிறது. தனிநபருக்கு 2,500 ரூபாய், கம்பெனிக்கு 10,000 ரூபாய். ஐரோப்பிய அலுவலகத்தின் கட்டணம் 1,800 யூரோவைத் தாண்டும். இந்தியத் தனிநபருக்கு அதில் 75 சதவீதம் குறையும். ஐரோப்பா உங்கள் பட்டியலில் உறுதியாக இருந்தால் ஐரோப்பியத் தேடலையே எடுங்கள். பிறகு அங்கே நுழையும்போது துணைத் தேடல் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஐரோப்பா பட்டியலில் இல்லையென்றால் இந்தியத் தேடல் போதும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. பிசிடி விண்ணப்பம் முன்னுரிமைத் தேதியிலிருந்து 18ஆம் மாதம் வெளியாகும். அறிக்கை மோசமாக வந்தால் அதற்குமுன் திரும்பப் பெற்று, தொழில்நுட்பத்தை ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூல இந்திய விண்ணப்பமும் 18 மாதத்தில் வெளியாகும். அதைத் தடுக்க 15ஆம் மாதத்துக்குள் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். 12ஆம் மாதத்தின் கடைசி நாளில் பிசிடி போட்டால் அறிக்கை ஏறத்தாழ 16ஆம் மாதம்தான் வரும். ஆக, ரகசியம் முக்கியமென்றால் 9ஆம் மாதத்திலேயே போட்டுவிட வேண்டும்.

ஆன்லைனில் விண்ணப்பிக்க வைப்போ நடத்தும் இபிசிடி இணையதளம் நன்றாக வேலை செய்கிறது. படிவத்தை நிரப்பும்போதே பிழைகளைச் சுட்டிக்காட்டும். வரைவை ஏஜென்டோடு பகிரலாம். கெடு தேதிகளைத் தானே கணக்கிட்டுக் காட்டும். ஆனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. அதைக் கடைசி நாளுக்கு முன்பே அமைத்து வையுங்கள். இன்னொரு வசதியும் உண்டு: இந்திய அலுவலகத்துக்குப் பதில் வைப்போவின் சர்வதேச அலுவலகத்திலேயே விண்ணப்பித்தால் ஜெனீவா நேரப்படி தேதி விழும். இந்தியாவில் நள்ளிரவு தாண்டிய பிறகும் சில மணி நேரம் கையில் இருக்கும்.

எந்த வழியில் போனாலும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு முன்னால் நிற்கும். இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் கழியாமல் வெளியே விண்ணப்பிக்கக் கூடாது. அவசரமென்றால் படிவம் 25 கொடுத்து அனுமதி பெற வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

பிசிடி யாருக்கு வேண்டாம்? அமெரிக்கா மட்டும் போதும் என்பவருக்கு வேண்டாம். ஒன்றிரண்டு நாடுகள் உறுதியாகிவிட்டால் பாரிஸ் வழியே மலிவு. பரிசோதனையும் சீக்கிரம் தொடங்கும். தைவானும் அர்ஜென்டினாவும் பிசிடியில் இல்லை. அங்கே நேரடியாக, 12 மாதத்துக்குள் போக வேண்டும். நான்கு நாட்டுக்கு மேல் என்றால் தயங்காமல் பிசிடி. மூன்று நாடுகள்தான், ஆனால் அதில் சீனாவோ ஜப்பானோ கொரியாவோ இருக்கிறது என்றாலும் பிசிடிதான். அங்கே மொழிபெயர்ப்புதான் பெரிய செலவு, அதைத் தள்ளிப்போடுவதே லாபம்.

விண்ணப்பம் வெளியானதும் 'பதிவுக் கட்டணம்' கேட்டு, அரசு அலுவலகம் மாதிரியே பெயர் வைத்த கடிதங்கள் வரும். வைப்போவே இவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஒன்றுக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

பிசிடி விண்ணப்பம் தானாக எந்த நாட்டுக்குள்ளும் நுழையாது. 26ஆம் மாதத்திலேயே அந்தந்த நாட்டு ஏஜென்டுகளிடம் விலை கேட்டு, மொழிபெயர்ப்பைத் தொடங்கிவிடுங்கள். கிளெய்ம் எண்ணிக்கையையும் அப்போதே சரிபார்க்க வேண்டும்: ஐரோப்பாவில் 15க்கு மேலும், அமெரிக்காவில் மொத்தம் 20க்கு மேலும், வேறு கிளெய்மைச் சாராமல் தனித்து நிற்கும் கிளெய்ம் 3க்கு மேலும் போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.