கியூப்சாட்டா, போயமா, கேன்சாட்டா: நம்ம ஊர் கல்லூரிக்கு எது சரி?

பர்கூரிலோ தர்மபுரியிலோ இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் செயற்கைக்கோள் செய்யக் கிளம்பினால், அவர்கள் மனம் முதலில் போவது கியூப்சாட் பக்கம்தான். பத்து செ.மீ. கனசதுரம், தனியாகப் பூமியைச் சுற்றும். ஆசைப்பட வேண்டியதுதான்.

அதன் வெளிச் சட்டகம் செய்வது இந்தப் பக்கத்தில் பெரிய பாடு இல்லை. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திர) பட்டறைகளுக்கு 0.1 மி.மீ. பிசகாமல் அலுமினியம் வெட்டுவது பழகிய வேலை. நான்கு மூலைத் தண்டுகளுக்கும் ஹார்டு அனோடைசிங் (மேலே கெட்டியான ஆக்சைடு பூச்சு) செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஏவும் பெட்டிக்குள் உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளலாம். பாடு உள்ளேதான். மின்சாரம், திசைக் கட்டுப்பாடு, ரேடியோ எல்லாமே சொந்தமாக வேண்டும். அலைவரிசை அனுமதிக்கு அலைவது தனி. எல்லாம் கூடிவந்தாலும் 500 கி.மீ. உயரத்தில் போவதோடு ஒரு முறை நம்மைக் கடக்கும்போது சுமார் பத்து நிமிடம்தான் பேச முடியும். கிருஷ்ணகிரி கோட்டை மலை போல ஒரு குன்று அடிவானத்தை மறைத்தால் அதிலும் குறையும். ராக்கெட் சொதப்பினால் எல்லாம் போச்சு. பள்ளி மாணவிகள் பங்களித்த ஆசாதிசாட்டுக்கு 2022 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. அடுத்ததை 2023 பிப்ரவரியில் அனுப்பினார்கள்.

போயம் வேறு கதை. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நான்காம் கட்டம்தான் அது, தன் வேலை முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டே நம் கருவிக்கு இடமும் மின்சாரமும் தருகிறது. தரவையும் அதுவே கீழே அனுப்பும். 2024 ஜனவரி 1-ல் போன பி.எஸ்.எல்.வி.-சி58-ல் திருவனந்தபுரம் எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரியின் வீசாட் இப்படித்தான் புற ஊதாக் கதிரை அளந்தது. அந்த மேடை மார்ச் 21-ல் கீழே விழுந்துவிட்டது, ஆயுள் மூன்று மாதம் கூட இல்லை. ஆனால் நான்கு வருடப் படிப்புக்குள் யோசித்து, செய்து, தரவையும் கையில் வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதல் முயற்சிக்கு என் ஓட்டு போயத்துக்குத்தான்.

கேன்சாட் குளிர்பான டின் அளவு, விண்வெளிக்கே போகாது. உயரத்திலிருந்து பாராசூட்டில் இறங்கும்போதே அளந்து அனுப்பும். முதலாம் ஆண்டிலேயே செய்து பார்க்கலாம், சென்சாரும் ரேடியோவும் கைக்கு வந்துவிடும்.

போயத்தில் ஒரு குறை, தரைநிலைய வேலை மாணவர்கள் கைக்கு வராது. அதற்கு மொட்டை மாடியில் பழைய டி.வி. ஆன்டெனா போன்ற ஒரு யாகி ஆன்டெனா வைத்து, சர்வதேச விண்வெளி நிலையம் 145.8 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவதைப் பிடித்துப் பழகட்டும். அப்புறம், குழுவில் பாதிப் பேராவது இரண்டாம் ஆண்டுக்காரர்களாக இருக்க வேண்டும். சீனியர்கள் வேலைக்குப் போன பிறகு சர்க்யூட் போர்டில் எது எங்கே என்று சொல்ல ஆள் வேண்டுமே.