‘5200 லிப்போ’ ஸ்டிக்கர், உள்ளே பழைய லேப்டாப் செல்: குமரி மாவட்டத்தில் ஆர்சி கார் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவிலில் ஒரு கடையில் ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) காருக்கென்று எங்களுக்கு விற்ற பேட்டரி இது. ஸ்டிக்கரில் ‘2எஸ் லிப்போ, 7.4 வோல்ட், 5200 எம்ஏஎச், 50சி’ என்று இருக்கிறது. லிப்போ என்றால் லித்தியம் பாலிமர், 2எஸ் என்றால் தொடராக இணைத்த இரண்டு செல், எம்ஏஎச் கொள்ளளவு, 50சி என்றால் அந்தக் கொள்ளளவைப்போல் 50 மடங்கு கரண்ட் தரும் என்று பொருள். கறுப்பு ஹார்ட்கேஸ், டி-பிளக், 2,600 ரூபாய், சார்ஜர் இலவசம். கேஸைப் பிரித்தால் உள்ளே லிப்போவே இல்லை. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய நான்கு 18650 செல்கள் (உருளை வடிவ லித்தியம் அயான் செல்), இரண்டிரண்டு ஜோடியாக இணைத்தவை. நிக்கல் பட்டையில் பழைய வெல்டிங் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே புதிய புள்ளிகள். ஒரு செல்லின் அடியில் துரு.

எப்படி இவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது? 18650 செல் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். வழக்கமான 2எஸ் ஹார்ட்கேஸ் 138 × 46 × 25 மில்லிமீட்டர். இரண்டிரண்டாக நீளவாக்கில் படுக்க வைத்து, மிச்ச இடத்தில் ஸ்பாஞ்சைத் திணித்தால் ஆட்டம்கூட தெரியாது.

அளந்து பார்த்ததில் கிடைத்தவை: முழுசாக சார்ஜ் ஏற்றி, 1 ஆம்பியரில் ஒரு செல்லுக்கு 3.0 வோல்ட் வரை இறக்கினால் 2,870 எம்ஏஎச். எழுதியிருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ், அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை, ஒரு ஜோடியில் 41, மற்றதில் 46 மில்லி ஓம். இந்த அளவுள்ள நல்ல லிப்போவில் ஒரு செல்லுக்கு ஒற்றை இலக்கம்தான் வரும். 20 ஆம்பியர் இழுத்தாலே பேட்டரிக்குள் கிட்டத்தட்ட 35 வாட் சூடு பிறக்கிறது, அதாவது ஒரு சால்டரிங் அயர்னை உள்ளே வைத்து மூடியது மாதிரி. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பிரஷ்லெஸ் மோட்டார் வைத்த ஆர்சி கார் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 20 ஆம்பியரைச் சாதாரணமாகத் தாண்டும். லேப்டாப் செல் அந்த வேலைக்குச் செய்ததே இல்லை.

ஏமாற்றியது ஒரு பக்கம். கூடக் கொடுத்த சார்ஜர்தான் அதைவிடப் பயங்கரம். சிவப்பு, பச்சை லைட் வைத்த சுவர் அடாப்டர், மெயின் வயரில் மட்டும் சொருகுவது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து சமப்படுத்த உதவும் பேலன்ஸ் வயருக்கு இடமே கிடையாது. பச்சை எரிந்த பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தால் மொத்தம் 8.40 வோல்ட், சரியாகத்தான் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு ஜோடியில் 4.34, மறு ஜோடியில் 4.06. ஒரு செல்லுக்கு உச்சம் 4.20. அதற்கு மேலே ஏற ஏற உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகும், சூடு ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே சூட்டை வளர்க்கும். மொத்த வோல்டேஜை மட்டும் பார்க்கிற சார்ஜருக்கு இது தெரியவே தெரியாது. “ராத்திரி குத்திப் போட்டுட்டு உறங்குங்க தம்பி, அதுவா நின்னுக்கும்” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடையிலேயே கண்டுபிடிக்க முடியும். ஒரு காந்தம் போதும், பழைய ஸ்பீக்கர் காந்தம் நல்லது. லிப்போ செல்லின் உறை அலுமினியத் தாள், காந்தம் ஒட்டாது. வயர் வரும் முனையில் உள்ள நிக்கல் பட்டையால் லேசாக இழுக்கலாம், அவ்வளவுதான். 18650 எஃகு டப்பா. கேஸின் நடுப்பகுதியில் வைத்ததும் இழுத்தால் வாங்காதீர்கள். அடுத்தது எடை. 2எஸ் 5000 அளவு ஹார்ட்கேஸ் சாதாரணமாக 240 முதல் 300 கிராம் இருக்கும். இது 207. மூன்றாவது வயர். 5200-ஐ 50சி என்று போட்டால் 260 ஆம்பியர் தரும் என்று பொருள். அப்படிச் சொல்பவன் குறைந்தது 12 கேஜ் சிலிக்கான் வயராவது போட்டிருக்க வேண்டும், விரலில் சுற்றினால் நூல் மாதிரி வளையும். இதில் இருந்தது மெல்லிய பிவிசி வயர், வளைத்தால் விறைத்து நிற்கிறது. செல் செக்கரை (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் காட்டும் சின்னக் கருவி) பேலன்ஸ் பிளக்கில் சொருகிப் பார்க்கவும் சொல்லுங்கள். புதுப் பேட்டரியில் செல்கள் 3.7 முதல் 3.85-க்குள், ஒன்றுக்கொன்று 0.02 வோல்டுக்கு மேல் வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும்.

நல்ல பேட்டரியே கிடைத்தாலும் சார்ஜ் ஏற்றுவதில் தப்பு செய்தால் அதே கதிதான். பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். லிப்போ மோடு, 2எஸ், 1சி. 5000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியர், அதற்கு மேல் வேண்டாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் சார்ஜரைக் கொண்டு லிப்போவை ஏற்றவே கூடாது. அது உச்சத்துக்குப் பிறகு வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும் வரை காத்திருக்கும் வகை. லிப்போவில் அந்த இறக்கம் வராது, எனவே ஏற்றிக்கொண்டே போகும். 3.0 வோல்டுக்குக் கீழே போன லிப்போ செல்லை அந்த நிக்கல் மோடில் ‘எழுப்பி’த் தருகிறோம் என்று சொல்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். ஓட்டி முடித்த சூட்டோடு சொருகாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள். காரிலிருந்து கழற்றி, டைல்ஸ் தரையில், திரைச்சீலை, மெத்தைக்கு எட்டாமல் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் நம் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். திரும்ப வந்ததும் சில மலிவான சார்ஜர்கள் தாமாகவே மறுபடி தொடங்கும். கரண்ட் போனால் பேட்டரியைக் கழற்றிவிடுவதே நல்லது.

இரண்டு நாளைக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் ஸ்டோரேஜ் மோடில் போட்டு ஒரு செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்டில் நிறுத்துங்கள். முழு சார்ஜில் வைத்தால் வீங்கும், காலியாக வைத்தால் சாகும். மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். ஓட்டு வீட்டுப் பரண், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், வெயிலில் நிற்கும் கார், சமையலறையில் கேஸ் சிலிண்டர் பக்கம், இவை எதுவும் ஆகாது. மண்சட்டியில் இரண்டு அங்குலம் காய்ந்த எம்-சாண்ட் போட்டு, பேட்டரியைத் தனியாக வைத்து, மூடியைச் சும்மா சாய்த்து வையுங்கள். காற்றுப் புகாமல் இறுக்கி மூடிய டப்பா, வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். கடற்கரை மணலை எடுத்துப் போடாதீர்கள், உப்பும் ஈரமும் கனெக்டரைத் தின்றுவிடும். சொத்தவிளை, சங்குத்துறை மணலில் ஓட்டிவிட்டு வந்தாலும் அப்படித்தான். பிளக்கைத் துடைத்துவிட்டு வையுங்கள், பச்சை பிடித்திருந்தால் மாற்றுங்கள்.

புகை வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியேற்றி, முடிந்தால் சுவர் சுவிட்சை அணையுங்கள். அந்தப் புகை நஞ்சு, குனிந்து பார்க்கக் கூடாது. மணல் கொட்டினால் பொறி பரவாது, கரண்ட் இணைப்பு இல்லையென்றால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அடங்கவில்லையென்றால் 101.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “கேஸைப் பொளிச்சாச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது” என்பது பதில். கையெழுத்து பில்லில் ‘பொம்மை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பெட்டியில் இறக்குமதியாளர் முகவரியும் இல்லை, அதிகபட்ச விலையும் இல்லை, பேட்டரிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 16046-இன் பதிவு எண்ணும் இல்லை. ஆகவே பிரிப்பதற்கு முன்பே காந்தம், எடை, செல் வோல்டேஜ் மூன்றையும் தொடர்ச்சியாக வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ‘2எஸ் லிப்போ 5200’ என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

இதே பேட்டரி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இனி சார்ஜ் ஏற்றாதீர்கள். திறந்த முற்றத்தில் வைத்து, 12 வோல்ட் 21 வாட் பைக் பல்பை மாட்டி, பல்பு அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) போடாதீர்கள், இந்தச் செல்கள் மறுபடி இன்னொரு கறுப்புக் கேஸுக்குள் போய்விடும்.