பலகாரத் தொழிலுக்கு ஆள் சேர்ப்பது: சொல்லி வைப்பதா, ஏஜென்டா, விளம்பரமா?

காரைக்குடி வட்டாரத்தில் பலகாரம் செய்து விற்கும் சிறு முதலாளிகள் நான்கு பேர் கூடினால், எண்ணெய் விலையைப் பேசி முடிப்பதற்குள் பேச்சு ஆள் பஞ்சத்துக்கு வந்துவிடுகிறது. தேன்குழல், சீப்பு சீடை, மணகோலம், அதிரசம், மாவுருண்டை ஆகியவற்றைச் செய்து கல்யாண வீடுகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பும் தொழிலில் நானும் இருக்கிறேன். இத்தொழிலுக்கு ஆள் சேர்க்க இன்று கைக்கெட்டும் வழிகள் மூன்று: ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களிடமும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் சொல்லி வைத்து எடுப்பது, ஏஜென்ட் மூலம் வெளிமாநிலத்திலிருந்தோ வெளிமாவட்டத்திலிருந்தோ வரவழைப்பது, விளம்பரத்திலும் இணையத்திலும் தேடுவது. மூன்றையும் பயன்படுத்திய பிறகு, அடுப்படிக்கும் கைவேலைக்கும் சொல்லி வைத்து எடுப்பதையே நான் உறுதியாகத் தேர்ந்துகொண்டேன். மற்ற இரண்டுக்கும் உரிய நியாயத்தைக் குறைக்காமல் அதன் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

ஆள் சேர்க்கும் செலவை வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு, விளம்பரத்துக்குச் சிறு தொகை ஆகும், சொல்லி வைப்பதற்குக் காசு இல்லை. வேகத்திலும் ஐயம் இல்லை: தீபாவளி ஆர்டர் குவியும்போது ஒரு வாரத்துக்குள் ஆறேழு பேரைக் கொண்டுவந்து நிறுத்த ஏஜென்டால்தான் முடியும். சொல்லி வைத்தால் ஒரு மாதமும் ஆகலாம், ஆள் வராமலும் போகலாம்.

ஏஜென்ட் வழியாக வருபவர்களின் உழைப்பில் நான் குறை சொல்ல மாட்டேன். தங்குமிடமும் சாப்பாடும் ஒழுங்காகக் கொடுத்தால் அவர்கள் இரவு வேலைக்கும் முகம் சுளிக்காமல் நிற்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் ஏழு மணிக்கு மேல் இருக்க முடியாத இடத்தில் அது பெரிய உதவி. சிக்கல் அவர்களிடம் இல்லை, இடையில் நிற்கும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது. சம்பளம் ஏஜென்டின் கை வழியாகப் போகும்போது, உழைத்தவருக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை. வேறோர் இடத்தில் கூடுதல் கமிஷன் கிடைத்தால், பழகிய ஆளை ஏஜென்ட் அங்கே மாற்றிவிட்டுப் புதிய ஆளை நம்மிடம் அனுப்புவார். முன்பணம் என்ற பேச்சும் வரும். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போக முடியாதபடி கட்டிப்போடுவது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்த எல்லையின் அருகில்கூட ஒரு சிறு தொழில் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் நான் இந்த வழியில் ஆள் எடுத்தது பெரும்பாலும் பண்டிகைக் காலத்துப் பேக்கிங்குக்கும் மூட்டை இறக்குவதற்கும்தான். ஆண்டு முழுவதும் வெளிமாநிலத்தவரை வைத்து, தங்க வீடு கொடுத்து, சம்பளத்தை அவரவர் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுகிறவர்களின் அனுபவம் என்னுடையதைவிட நன்றாக இருக்கக்கூடும்.

விளம்பர வழிக்கு இன்று வசதிகள் பெருகியிருக்கின்றன. தமிழக அரசு நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் சிறு நிறுவனமும் பதிவு செய்துகொள்ளலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களிலும் கலந்துகொள்ளலாம். 1985இல் தொடங்கப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகமும் அதைச் சூழ்ந்த கல்லூரிகளும் இருப்பதால் காரைக்குடியில் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கணக்கு எழுதவும், பில் போடவும், வெளியூர் ஆர்டர்களைக் கூரியரில் அனுப்பிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் எனக்கு இந்த வழியில்தான் நல்ல ஆள் கிடைத்தார். இத்தகைய வேலைக்கு இதையே முதலில் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அதிரசப் பாகின் பதம் தெரிந்த ஒரு பெண்மணி தன் விவரங்களை இணையத்தில் ஏற்றிவிட்டு வேலைக்குக் காத்திருப்பதில்லை. அவரை அறிந்தவர்கள் அவர் தெருவில் இருக்கிறார்கள், நம் அடுப்படியிலும் இருக்கிறார்கள்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த ஒரே காரணத்துக்கு வருகிறேன். அது, சேர்ந்தவர் நிலைத்து நிற்பது.

எங்கள் வேலையில் கற்றுக்கொள்ளும் காலம் நீளமானது. சீப்பு சீடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாவை அச்சில் இட்டு வரிவரியான பட்டையாகப் பிழிந்து, துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி இரு முனைகளையும் ஒட்ட வேண்டும். மெதுவாக ஒட்டினால் எண்ணெயில் வாய் பிளந்துகொள்ளும்; அழுத்தி ஒட்டினால் அந்த இடம் மட்டும் தடித்து, உள்ளே வேகாமல், சில நாளில் நமுத்துப் போகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அழுத்தத்தை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிச் சுற்றி, ஈடு ஈடாகப் பொரித்துப் பார்த்துத்தான் விரலுக்கு அது வரும். அதிரசம் இன்னும் கடினம்: பாகு தவறியது மாவு ஊறிய பிறகுதான் தெரியும், அதற்குள் ஒரு பானை மாவும் அதில் போட்ட வெல்லமும் போயிருக்கும். நன்றாகக் கற்றுக்கொள்ளக்கூடியவருக்கும் ஒரு முகூர்த்தக் காலம் முழுவதும் கழிய வேண்டும். அதுவரை அவருக்குக் கொடுப்பது சம்பளம் மட்டுமில்லை. கெட்ட மாவு, கூடுதல் எண்ணெய், அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் மூத்த கையின் நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் அவருக்கான உண்மையான செலவு. அவர் ஆறு மாதத்தில் போய்விட்டால் அத்தனையும் வீண். மூன்று ஆண்டு நின்றால் அதைப் போல லாபமான செலவு வேறில்லை. எவ்வளவு விரைவில் ஆள் கிடைக்கிறார் என்பதைவிட எவ்வளவு காலம் இருப்பார் என்பதை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான்.

சொல்லி வைத்து வருபவர் ஏன் அதிக காலம் நிற்கிறார்? அவரைக் கூட்டி வந்தவர் அதே அடுப்படியில் தினமும் உட்கார்ந்திருக்கிறார் என்பதே விடை. ஏஜென்டின் பொறுப்பு கமிஷன் வாங்கியதும் முடிகிறது. இணையதளத்துக்குப் பொறுப்பே இல்லை. கூட்டி வந்தவருக்கோ தன் பெயர் அதில் அடங்கியிருக்கிறது. அதனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் சொல்வதில்லை. எங்களிடம் தேன்குழல் பிழியும் ஒரு பெண்மணி ஒருமுறை சொன்ன சிபாரிசு இது: "அண்ணே, எங்க சின்னம்மா மக ஒருத்தி இருக்கா, கை சுத்தமான பொண்ணு. ஆனா எட்டு மணி பஸ்ஸுக்குத்தான் வர முடியும், கைப்பிள்ளைக்காரி. அதுக்கு ஒத்துக்கிட்டாச் சொல்லுங்க." இந்தச் சில வாக்கியங்களில் அந்தப் பெண்ணின் கைச்சுத்தம், வீட்டுநிலை, வரக்கூடிய நேரம் மூன்றும் வந்துவிட்டன. நேர்காணலில் கேட்டிருந்தால் குழந்தையைப் பற்றிச் சொல்ல அவர் அஞ்சியிருப்பார். பிறகு தினமும் தாமதமாக வந்து, என் முகத்தைப் பார்த்து, ஒரு மாதத்தில் நின்றிருப்பார். முன்பே தெரிந்ததால் அவருக்கு எட்டரை மணிக்குத் தொடங்கும் வேலையைக் கொடுத்தோம்.

இந்தப் பஸ் விஷயம் சிறியது போலத் தோன்றினாலும் நிலைத்து நிற்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதற்கு முன் பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர், குன்றக்குடி பக்கமிருந்து வருபவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பயணத்துக்கே ஒதுக்க வேண்டியிருந்தது. இப்போது நல்ல கையைத் தேடக்கூடிய வட்டம் விரிந்திருக்கிறது. ஆனால் எந்த ஊருக்கு எந்த நேரத்தில் டவுன் பஸ் இருக்கிறது என்பதைப் பார்த்து வேலை நேரத்தை அமைக்காத முதலாளிக்கு இந்த வசதியால் பயன் இல்லை. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு நாள் ஆட்டோவில் போன பெண்ணின் வீட்டில், மறுநாள் வேலைக்கு அனுப்பலாமா என்ற பேச்சு எழுந்துவிடும்.

நான் சாய்ந்திருக்கும் வழிக்கும் குறைகள் உண்டு, அவை சிறியவை அல்ல. உறவுக்காரர்களாகச் சேர்ந்தவர்கள் உறவுக்காரர்களாகவே லீவு எடுப்பார்கள். ஒரு வீட்டில் காதுகுத்து என்றால் நான்கு அடுப்பு அணைந்துவிடும். மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுபவர்கள் உண்டு. தை மாதமோ இன்னும் நெருக்கடி: முகூர்த்தம் குவியும் அதே மாதத்தில்தான் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் இருக்கிறார்கள். இதைத் தடுக்க நினைப்பது முறையும் இல்லை, நடக்கவும் நடக்காது. ஒரே ஊரிலிருந்தும் ஒரே உறவிலிருந்தும் முழு அணியை எடுக்காமல், குறைந்தது மூன்று ஊர்களுக்குப் பிரித்து எடுப்பதே நான் கண்ட பரிகாரம். மார்கழியிலேயே யார் யார் எந்த நாளில் வர இயலாது என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுகிறோம்.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. சொல்லி வைக்கும் வழி, நம்மை அறியாமலே, ஒரு தெருவுக்கும் ஒரு சாதிக்கும் உள்ளேயே சுற்றத் தொடங்கிவிடும். அடுப்படியில் உட்கார்ந்திருப்பவர்கள் தம்மைப் போன்றவர்களையே சொல்வார்கள். வெளியில் இருக்கும் நல்ல கைக்கு நம் வாசல் இருப்பதே தெரியாமல் போகும். அது அநியாயம், தொழிலுக்கும் நஷ்டம். ஆகவே சிபாரிசுடன் வந்தவருக்கும் வாசலில் வந்து தானாகக் கேட்டவருக்கும் ஒரே சோதனைதான் வைக்கிறேன்: ஒரு வாரம், கூலியுடன், மூத்தவர் ஒருவர் பக்கத்தில். ஒரு தெருவில் சொல்லும்போது அடுத்த தெருவிலும், மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் சேர்த்தே சொல்லி வைக்கிறேன்.

ஆளைச் சேர்த்த பிறகு அவரை நிறுத்தி வைப்பது முதலாளியின் பொறுப்பு. எந்த வழியில் வந்தவராக இருந்தாலும் அதில் வேறுபாடு இல்லை. நகரத்தார் எனப்படும் இப்பகுதிச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவிக் கடை, அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்கும் கடை, வைத்திருந்த காலத்தில், ஆட்களைச் சம்பளச் சீட்டு எழுதி, பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பினார்கள். பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை உதவியாளாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பின் கடையை நடத்தும் மேலாளாக உயர முடிந்தது. தனக்கு என்ன கிடைக்கும், எத்தனை காலத்துக்கு, அடுத்து எங்கே உயரலாம் என்ற மூன்றும் சேரும்போதே அவருக்குத் தெரிந்தன. நம் சிறு தொழில்களில் இன்று காணாமல் போயிருப்பது இந்தத் தெளிவுதான். சம்பளம், வாராந்திர விடுமுறை, கூடுதல் நேரத்துக்கான தொகை, இரண்டாம் ஆண்டில் எவ்வளவு கூடும் என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தால், சில நூறு ரூபாய்க்காக அடுத்த கடைக்குப் போகும் எண்ணம் பாதி குறைந்துவிடுகிறது.

சட்டப்படி உரியதைக் கொடுப்பதையும் இதனுடன் சேர்த்தே பார்க்கிறேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். சிலர் ஒன்பதாவது ஆளோடு நின்றுகொண்டு மற்றவர்களைப் பதிவில் காட்டாமல் விடுகிறார்கள். கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நாள் முழுவதும் நிற்கும் ஒருவருக்கு மருத்துவப் பாதுகாப்பு கிடைப்பதைத் தடுத்துவிட்டு, அவரிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை சேரும் என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. உட்கார இருக்கை கொடுப்பதும் அப்படித்தான்: கடைகளிலும் நிறுவனங்களிலும் இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. சீடை சுற்றுபவர்கள் தரையில் உட்கார்ந்து முதுகு வலியோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்; சாய்மானமுள்ள தாழ்ந்த நாற்காலிகள் வாங்கிப் போட்ட பிறகு, மதியத்துக்கு மேல் வேலையின் சீர் குறைவது நின்றது.

ஓட்டுநர் வேலைக்கு எது சரியான வழி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். என்னிடம் வண்டி ஒன்றுதான், ஓட்டுபவரும் தொடக்கத்திலிருந்து ஒருவரேதான். இயந்திரத்தில் மாவு பிசைந்து பிழியும் பெரிய கூடங்களுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கைப்பழக்கத்தின் எடை குறைவதால், விரைவாக ஆள் தரும் ஏஜென்டின் மதிப்பு கூடலாம். என் அளவில், ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் சீடைக்கும் மணகோலத்துக்கும் இரண்டு பேர் வேண்டும் என்று பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் சொல்லி வைத்திருக்கிறேன். தீபாவளிப் பேக்கிங்குக்கு மட்டும் ஏஜென்டிடம் பேசுவதாக இருக்கிறேன், சம்பளத்தை ஆட்களின் கணக்கில் நேரடியாகப் போட அவர் ஒப்புக்கொண்டால்.