ஓடை இழக்கும் நீரைக் கணிக்கச் சூத்திரமா, கணினி மாதிரியா?

கிணற்றிலிருந்து இறைக்கப்படும் நீர் தொடக்கத்தில் நீர்த்தாங்கியின், அதாவது நிலத்தடி நீரைக் கொண்டிருக்கும் மண், பாறை அடுக்கின், தேக்கத்திலிருந்தே வருகிறது; நாள் செல்லச் செல்ல அதில் ஒரு பெரும்பங்கை ஓடை ஈடுசெய்யத் தொடங்குகிறது. இந்த மாற்றம் எவ்வளவு காலத்தில் நிகழும் என்பதைக் கணிக்க, 1954-இல் குளோவர், பால்மர் என்ற ஆய்வாளர்கள் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. கிணற்றுக்கும் ஓடைக்கும் உள்ள தொலைவின் வர்க்கத்தைத் தேக்கக் கெழுவால் (நீர்மட்டம் இறங்கும்போது நீர்த்தாங்கி எவ்வளவு நீரை விடுவிக்கும் என்பதன் அளவு) பெருக்கி, நீர் கடத்துதிறனால் (நீர்த்தாங்கி தன் முழுத் தடிமனிலும் நீரைக் கடத்தும் திறன்) வகுத்தால் ஒரு கால அளவு கிடைக்கும். அத்தனை நாள் தொடர்ந்து இறைத்தபின் ஓடையின் இழப்பு இறைப்பு வீதத்தில் ஏறத்தாழ 48 விழுக்காட்டை எட்டும். அதுவரை இழந்த மொத்த நீரோ, இறைத்த மொத்த நீரில் 28 விழுக்காடுதான். 1968-இல் ஜென்கின்ஸ் இந்தக் கால அளவையே அடிப்படையாக்கி, கணக்கை எளிய வரைபடங்களுக்குள் அடக்கினார்.

சூத்திரத்தின் பலம் அதன் எளிமை, பலவீனமும் அதுவே. ஓடை நீர்த்தாங்கியின் அடிவரை வெட்டிச் செல்வதாகவும், படுகையில் வண்டல் அடைப்பு ஏதும் இல்லை என்றும் அது கொள்வதால், இழப்பைப் பெரும்பாலும் மிகைப்படுத்துகிறது. 1999-இல் ஹன்ட் தந்த தீர்வு படுகையின் தடையைச் சேர்த்து இக்குறையைக் களைகிறது. ஆனால் அந்தத் தடையின் மதிப்பைக் களத்தில் அளப்பது கடினம். கிணற்றுக்குப் பின்னால் பாறைச்சுவர் இருந்தால் பிழை எதிர்த்திசையில் செல்லும்: எல்லையற்ற நீர்த்தாங்கி என்று கொண்ட கணக்கைவிட இழப்பு விரைவாக வரும்.

வயலில் பாய்ச்சிய நீரில் பயிர் உறிஞ்சாமல் கீழிறங்கும் பங்கை, அதாவது மீள்வரத்து நீரை, எப்படிக் கையாள்வது என்பதில்தான் முறைகளின் தரம் வெளிப்படுகிறது. இறைப்பிலிருந்து அதைக் கழித்து, நிகர அளவைக் கிணற்றின் மேலேயே ஏற்றிவிடுவது ஒரு வழி; மீள்வரத்தை வயலின் இடத்தில் எதிர்க்குறி கொண்ட, அதாவது நீரை இறைக்காமல் உள்ளே செலுத்தும், தனிக் கிணறாகக் கருதி, இரண்டின் விளைவுகளையும் கூட்டுவது மற்றொன்று. முதல் வழியை நான் ஏற்கமாட்டேன். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டு காட்டும்.

கிணறு ஓடையிலிருந்து 2,000 மீட்டரிலும் வயல் 500 மீட்டரிலும் இருக்கட்டும்; தேக்கக் கெழு 0.2, நீர் கடத்துதிறன் நாளொன்றுக்கு 1,000 சதுர மீட்டர், மீள்வரத்து 40 விழுக்காடு. கிணற்றுக்கான கால அளவு 800 நாள், வயலுக்கோ 50 நாள். கீழிறங்கும் நீர் உடனே நீர்மட்டத்தை அடைகிறது என்று கொண்டு 90 நாள் இறைத்தால், இறுதி நாளில் ஓடை இழப்பது இறைப்பு வீதத்தில் 3.5 விழுக்காடு, மீள்வரத்தால் பெறுவதோ ஏறத்தாழ 24 விழுக்காடு. ஓடை பெருகியதாகவே தோன்றும். இறைப்பை நிறுத்தி மேலும் 90 நாள் கழிந்தபின் இழப்பு 10 விழுக்காடாக உயர்ந்திருக்கும், வரவு 4.5 விழுக்காடாகத் தேய்ந்திருக்கும். மோட்டார் ஓடாத காலத்தில்தான் ஓடையின் நீர் குறைகிறது. நிகரக் கணக்கு முதல் நாளிலிருந்தே இழப்பை மட்டும் காட்டுவதால், வரவு இழப்பாக மாறும் இந்தக் குறிமாற்றம் அதில் புலப்படவே புலப்படாது.

நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மாட்ஃப்ளோ (MODFLOW) போன்ற கணினி மாதிரி, ஓடையின் வளைவுகள், மண்ணின் வேறுபாடுகள், பல கிணறுகளின் கூட்டு விளைவு ஆகியவற்றை ஏற்கும். ஓடை வறண்டு நீர்த்தாங்கியுடன் தொடர்பறும்போது விளைவுகளின் எளிய கூட்டல் பொருந்தாமல் போகும்; அந்நிலையையும் அதுவே கையாளும். ஆனால் அதற்குத் தரவும் அளவீட்டுச் சரிபார்ப்பும் ஏராளமாக வேண்டும். ஒன்றிரண்டு கிணறுகளின் முதற்கட்ட மதிப்பீட்டுக்குச் சூத்திரத்தையே தேர்வேன். பல கிணறுகளின் பங்கை ஆண்டுக்கணக்கில் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மாதிரியை நாடுவேன். ஒரு சிறு கிணற்றின் விளைவை, அது இயங்குவதாகவும் இயங்காததாகவும் கொண்டு செய்த இரு கணக்கீடுகளின் வேறுபாடாகவே மாதிரி தருகிறது என்பதால், தீர்வின் பிழை வரம்பைப் போதிய அளவு இறுக்காவிட்டால் அந்த வேறுபாடு கணக்குப் பிழையிலேயே மூழ்கிவிடும்.