நான் பயன்படுத்திய இரண்டு பாலூட்டும் அறைகள்

என் மகனுக்கு ஐந்து மாதம் நிறைவடையப் போகிறது. அவனுக்கு இரண்டு மாதம் ஆனதிலிருந்து, உடல்நலம் குன்றியிருக்கும் என் தந்தையைப் பார்ப்பதற்காகப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அவனையும் தூக்கிக்கொண்டு அரசுப் பேருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்து வருகிறேன். இடையில் ஒரு பெரிய நகரத்தில் பேருந்து மாற வேண்டும். இறங்குவது ஒரு சிறு நகரத்தில். அந்த இரண்டு பேருந்து நிலையங்களிலும் உள்ள தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைப் பலமுறை பயன்படுத்திய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, தமிழ்நாடு அரசு தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

உள்ளே சென்ற தாய், பதற்றமில்லாமல், குழந்தை தானாக வாயை எடுக்கும்வரை ஒரு பக்கத்துப் பாலை முழுவதும் கொடுத்துவிட்டு வெளியே வர முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். தொடக்கத்தில் வரும் பால் நீர்த்திருக்கும். மார்பு காலியாகக் காலியாகத்தான் அதில் கொழுப்புச் சத்து கூடும். பேருந்து புறப்படுகிறதே என்று பாதியில் எடுத்துவிட்டால், குழந்தைக்கு வயிறு நிறைவது போலிருந்து சிறிது நேரத்திலேயே மீண்டும் பசிக்கிறது. அச்சமும் கூச்சமும் வேறு பால் இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆகவே நல்ல தாழ்ப்பாள் என்பது வெறும் வசதி அன்று, குழந்தையின் உணவோடு நேரடியாகத் தொடர்புடையது.

பெரிய நகரத்து அறை பார்வைக்கு அழகானது. தரையில் ஓடு பதித்திருக்கிறார்கள், மின்விசிறியும் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் தாழ்ப்பாள் பொருந்துவதில்லை. கைப்பிடி இல்லாத இரும்பு இருக்கையில் முதுகைச் சாய்க்காமல் அமர்ந்து, ஒரு காலால் கதவை அழுத்திப் பிடித்தபடி பாலூட்ட வேண்டியிருக்கிறது. ஒருமுறை அறையே பூட்டியிருந்தது. சாவி நேரக் காப்பாளர் அறையில் இருப்பதாகச் சொன்னார்கள், அங்கே போனால் அவர் தேநீர் குடிக்கச் சென்றிருந்தார். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது குழந்தை அழுது சிவந்துபோயிருந்தான். விரலைச் சூப்புவதும் தலையைத் திருப்பித் தேடுவதும்தான் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசியில் வருவது. அலறும் குழந்தையால் காம்பைச் சரியாகப் பற்ற முடியாது. அன்று அவனைத் தோளில் போட்டு ஆற்றிய பிறகே குடிக்கத் தொடங்கினான்.

வெளியே காத்திருந்தபோது, "நாக்கு வறண்டிருக்கும் அம்மா, இரண்டு சொட்டுத் தண்ணீராவது கொடு" என்று ஒரு பாட்டி அக்கறையோடு சொன்னார். சித்திரை வெயிலில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 விழுக்காடு தண்ணீர்தான்; ஆறு மாதம்வரை வேறு நீர் தேவையில்லை என்பதோடு, பேருந்து நிலையத்துத் தண்ணீரைக் கொடுப்பது வயிற்றுப்போக்கைத் தேடிக்கொள்வதாகவும் முடியலாம். புட்டிப்பால் என்றால் கொதிக்க வைத்த நீரும் கொதிக்க வைத்த புட்டியும் வேண்டும். பயணத்தில் அதற்கு எங்கே போவது? மேலும், கூட்டத்தில் நான் எதிர்கொள்ளும் கிருமிகளுக்கு எதிராக என் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பாலின் வழியாக அவனுக்கும் போய்ச் சேருகின்றன.

சிறு நகரத்து அறையில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. ஆறடிக்கு ஆறடிகூட இருக்காது. ஆயினும் கைப்பிடியுள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி, உறுதியான தாழ்ப்பாள், சன்னலுக்குத் திரை, கைகழுவ ஒரு குழாய் ஆகிய நான்கும் அங்கே இருக்கின்றன. துப்புரவுப் பணியாளரான அக்கா ஒருவர் காலையிலேயே கதவைத் திறந்து வைத்துவிடுகிறார். அங்கே மகன் இருபத்தைந்து நிமிடம் குடித்து அப்படியே உறங்கிப்போன நாட்கள் உண்டு. பத்துக்கு எட்டு மதிப்பெண் தயங்காமல் கொடுப்பேன். பெரிய நகரத்து அறைக்கு நான்குக்கு மேல் மனம் வரவில்லை.

இரண்டு அறைகளிலும் தாய்ப்பாலின் நன்மைகளைச் சொல்லும் பலகை இருக்கிறது. பெரிய நகரத்துப் பலகை, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நோயே வராது என்கிறது. இது மிகை. என் மகனுக்கு இரண்டுமுறை சளி பிடித்தது. வயிற்றுப்போக்கு, நுரையீரல் அழற்சி, காதுத் தொற்று ஆகியவை வரும் வாய்ப்பு குறைகிறது, வந்தாலும் கடுமை தணிகிறது என்பதே சரி. மிகைப்படுத்திச் சொன்னால், முதல் காய்ச்சலிலேயே தன் பாலில்தான் குறை என்று ஒரு தாய் எண்ணிவிடுவாள். சிறு நகரத்துப் பலகை, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்று அளவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. காம்போடு கருவளையத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் இருக்க வேண்டும் என்பதை ஒரு படமாகப் போட்டிருந்தால் புதிய தாய்மார்களுக்கு உதவியிருக்கும். பெரிய நகரத்து அறையின் கதவில் அடையாளமாக வரைந்திருப்பதோ ஒரு பால்புட்டியை!

அந்த அறைக்குச் செல்லும் தாய்மார்கள் அடுத்த பேருந்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு சிறிய மரக்கட்டையை இப்போது நான் குழந்தையின் துணிப்பையிலேயே வைத்திருக்கிறேன்.