ஆறு வருஷப் பேவரும் ஒரு அமாவாசையும்

போன வெள்ளிக்கிழமை கரூரிலிருந்து மாப்பிள்ளை வாட்ஸப்பில் நாலு போட்டோ அனுப்பினார். மஞ்சள் பெயின்ட் புதுசாக அடித்த ஒரு பேவர், தார் ரோடு விரிக்கிற மெஷின். என்னிடம் இருக்கிற அதே மாடல், ஒரு வருஷம் இளசு. "மாமா, பார்ட்டி விலையை நல்லா இறக்கிட்டான். ஸ்கிரீடு மட்டும் கேஸ் ஹீட்டிங், எலக்ட்ரிக் இல்லை. வாங்கலாமுங்களா?" என்று கீழே ஒரு வரி. வேறொரு நாள் கேட்டிருந்தால் ரெண்டு வார்த்தையில் பதில் போட்டிருப்பேன். அவர் கேட்டது, என் வண்டியில் ஒரு ரிப்பேரை முடித்துவிட்டு டீசலில் கை கழுவிக்கொண்டிருந்த நேரம். அதனால்தான் இது இவ்வளவு நீளம்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. ரப்பர் டயர் வண்டி, எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற ஹைட்ரோஸ்டாட்டிக், டெண்டரில் 'சென்சார் பேவர்' என்று கேட்பார்களே, அந்த ரகம். ஸ்கிரீடு என்பது வண்டிக்குப் பின்னால் கலவையைச் சமமாக விரிக்கிற பலகை. அது ரெண்டரை மீட்டர், ரெண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே வருகிற எக்ஸ்டென்ஷனைத் தள்ளினால் நாலரை வரை போகும். மற்றதெல்லாம் கேட்டலாக்கில் இருக்கிறது. இன்ஜினைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஆயில் மாற்றினேன், பில்டர் மாற்றினேன், ஓடுகிறது. கன்வேயர் செயின் ஒரு தடவை, கலவையைப் பக்கவாட்டில் பரப்புகிற ஆகரின் இறக்கை ஒரு தடவை மாற்றியாயிற்று. ஸ்கிரீடுக்கு அடித்தகடு இப்போது ஓடுவது ரெண்டாவது செட். ஒரு டூவீலர் விலை. ஜல்லியில் உரசுகிற இரும்பு தேயத்தான் செய்யும். அதைக் குறை என்று சொன்னால் செருப்பு தேய்ந்ததற்கு ரோட்டைத் திட்டின மாதிரி ஆகிவிடும்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். அதற்கு எங்கள் ஆபரேட்டர் அண்ணன் வைத்த பெயர் 'அமாவாசை'. இடது எக்ஸ்டென்ஷனில் இருக்கிற பர்னர். எரியாது.

ஸ்கிரீடை ஏன் சூடாக்க வேண்டும் என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். கலவையைச் சூடாக்க இல்லை. அது பிளான்ட்டிலிருந்தே சூடாகத்தான் வருகிறது. வி.ஜி.30 தார் என்றால் பிளான்ட்டில் 150லிருந்து 165 டிகிரி, ரோட்டில் விரிக்கும்போது 140க்குக் குறையக்கூடாது, சூடு 90க்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலையை முடிக்க வேண்டும். அவ்வளவு சூட்டில் வருகிற கலவை, விடியற்காலைப் பனியில் நின்ற இரும்புத் தகட்டில் பட்டால் என்ன ஆகும்? காய்ந்த கல்லில் ஊற்றின தோசை திரும்பும், காயாத கல்லில் ஊற்றினது பிய்ந்துதான் வரும். இதுவும் அப்படித்தான். தார் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், வண்டி நகரும்போது ஜல்லியைப் பிய்த்து இழுத்துக்கொண்டே போகும். அதனால் வேலை தொடங்குவதற்கு முன்னால் கட்டை வைத்து ஸ்கிரீடை இறக்கி, அரை மணி நேரம் தகட்டைக் காய வைப்போம். கலவை ஓட ஆரம்பித்துவிட்டால் அதன் சூடே தகட்டுக்குப் போதும்.

அந்த அரை மணி நேரம்தான் ஆறு வருஷமாக என் பிராணனை வாங்கியது. நடுவில் இருக்கிற பர்னர் ஸ்விட்சைத் தட்டியதும் பிடிக்கும். வலது பக்கம் பிடிக்கும். இடது பக்கம் டிக் டிக் என்று பொறி மட்டும் அடிக்கும். நீலமாக ஒரு நாக்கு நீட்டிவிட்டு அணைந்துவிடும். உடனே அண்ணன் ஒரு கம்பில் டீசல் துணியைச் சுற்றிப் பற்றவைத்துக்கொண்டு போவார். சூரசம்ஹாரத்துக்குத் தீவட்டி பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு செய்கிற வேலையா இது? இல்லைதான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "அப்ப நீங்களே பத்த வைங்க" என்பார். நான் பேசாமல் நகர்ந்துவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், ராசிபுரம் பக்கம் ஒன்றியச் சாலை. காற்று வேறு. முதல் டிப்பர் வந்து நிற்கிறது, தெர்மாமீட்டர் குத்தினால் 152. தீவட்டியும் அன்றைக்குக் கைகொடுக்கவில்லை. பற்றும், காற்றடிக்கும், அணையும். 19 கிலோ சிலிண்டரைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. வேகமாக கேஸ் இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், பிரஷர் இறங்கும். சரி, அதுதான் காரணம் என்று ஈரச் சாக்கைச் சுற்றினோம், இன்னொரு சிலிண்டரைச் சேர்த்துக் கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. கலவை ஆறிக்கொண்டே இருக்கிறது. "ஆனது ஆகட்டும், எடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பு. வலது பக்கமும் நடுவும் பாய் விரித்த மாதிரி வந்தது. இடது ஓரம் ரெண்டடி அகலத்துக்குக் கோழி கிளறின குப்பை. ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், வாயைத் திறக்கவில்லை, நின்று பார்த்துவிட்டு செல்போனில் ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஓரத்தை முழுக்க வாரிக் கொட்டிவிட்டு, அடுத்த டிப்பர் கலவையை ரேக் போட்டுக் கையால் நிரப்பினோம். இன்றைக்கும் அந்த ரோட்டில் போனால் அந்த இடம் எனக்கு மட்டும் தெரியும்.

சர்வீஸ் ஆள் நாலு தடவை வந்தார். முதல் தடவை இக்னைட்டர் மாற்றினார். ரெண்டாவது தடவை வயரிங். மூன்றாவது தடவை ரெகுலேட்டர். நாலாவது தடவை, "உங்க ஆளுங்க சரியா மெயின்டெய்ன் பண்றதில்லைங்க." ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் வைத்துப் பற்றவைத்துக் காட்டுவார். சொன்னபடி கேட்கும் பிள்ளை மாதிரி எரியும். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் சைட்டில் அமாவாசை.

இவ்வளவு திட்டின பிறகு இதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வண்டி போடுகிற ரோட்டைப் பார்த்து நான் மயங்கி நின்ற நாள்கள் உண்டு. எங்கள் அப்பா மேஸ்திரி. காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சட்டியில் கலவை சுமந்து, ரேக்கால் இழுத்துப் போட்ட காலத்து ஆள். முதல் நாள் பேவரைப் பார்க்க வந்தவர் வண்டி முன்னால் நிற்கவில்லை. பின்னாலேயே குனிந்து நடந்துகொண்டிருந்தார். "இந்தப் பலகையை யார்றா தூக்கிப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். யாரும் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம். ஸ்கிரீடு ரெண்டு பக்க இழுவைக் கைகளில் கட்டி இழுபடுகிறதே தவிர, கலவை மேலே தானாக மிதக்கிறது. 1930களில் அமெரிக்காவில் பார்பர்-கிரீன் கம்பெனி கொண்டுவந்த முறை. இன்றைக்கு எந்த நாட்டு பேவரை எடுத்தாலும் அடிப்படை அதேதான்.

மிதக்கிற பொருளை அவசரப்படுத்த முடியாது. கனம் கூட்ட வேண்டுமென்று கைப்பிடியைத் திருப்பினால் உடனே கூடாது. இழுவைக் கையின் நீளம் எவ்வளவோ, அது போல ஒரு மடங்கு தூரம் வண்டி போனால் மூன்றில் ரெண்டு பங்கு மாற்றம் வரும். முழுசாக வருவதற்கு ஐந்து மடங்கு தூரம் போக வேண்டும். புது ஆள் ஒரு சுற்று சுற்றுவான், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு சுற்று சுற்றுவான், பத்து மீட்டர் தாண்டியதும் ரோடு ஒட்டகம் மாதிரி எழும்பி நிற்கும். உடனே திருப்பிச் சுற்றுவான். அப்புறம் பள்ளம். என்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் கற்றுக்கொடுப்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத்தான். ஆகர் தண்டு பாதி மூழ்குகிற அளவுக்குக் கலவை இருக்கணும், வண்டி ஒரே வேகத்தில் போகணும், டிப்பர் வந்து பேவரை இடிக்கக் கூடாது, பேவர்தான் போய் டிப்பர் டயரைத் தொட்டுத் தள்ளணும். இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் மற்றதை ஸ்கிரீடு பார்த்துக்கொள்ளும். இதைச் செய்வதில் என் வண்டியை அடிக்க அந்த விலைக்கு வேறு வண்டி இல்லை.

2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே ரோடு போட்டு உயரத்தை ஏற்றக் கூடாது என்று சொன்னாரே, ஞாபகம் இருக்கும். வீட்டு வாசற்படி எல்லாம் ரோட்டுக்குக் கீழே போன ஊர்களில் அது நல்ல முடிவு. எங்களைப் போன்ற சின்ன காண்ட்ராக்டர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சுரண்டின பிறகு தரை சீப்பு வாரின மாதிரி வரிவரியாக, அங்கங்கே குழியும் மேடுமாக இருக்கும். அப்படி ஒரு டவுன் தெருவில் முதல்முறை இந்த வண்டியை இறக்கினேன். முடித்த பிறகு மூன்று மீட்டர் ஸ்ட்ரெய்ட் எட்ஜை, அதாவது நேரான பட்டையை, ரோட்டில் வைத்து, அடியில் இடைவெளி இருக்கிறதா என்று இஞ்சினியர் குனிந்து குனிந்து வெளிச்சம் தேடினார். கிடைக்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் நின்று, "இப்பத்தான் மொழுகின மாதிரி இருக்குது" என்றார். ஏ.இ. கையெழுத்தை விட அது பெரிசு.

சரி, அமாவாசைக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை ஷெட்டில் அடித்தகட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஜார்க்கண்ட் பையன் ஒருவன் ரெண்டு வருஷமாக ஸ்கிரீடு பக்கம் நிற்கிறான். கீழே படுத்திருந்தவன் திடீரென்று, "சேட், மூணு மீட்டர் ரோட்டுல இது ஒழுங்கா எரியுது. மூணே முக்காலுக்குத்தான் எரியல" என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. அவன் எழுந்து போய் இடது எக்ஸ்டென்ஷனை வெளியே தள்ளினான். ஓரடி போகும்வரை ஒன்றுமில்லை. ரெண்டடி தாண்டியதும் உள்ளே கேஸ் ஹோஸ் இழுபட்டு, ஒரு பிராக்கெட்டின் முனையில் மடிந்து, குடித்துப்போட்ட ஜூஸ் ஸ்ட்ரா மாதிரி தட்டையாக நின்றது. ஹோஸ் ஒரு முழம் குட்டை. அவ்வளவுதான். அவ்வளவேதான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஒன்றியச் சாலை மூன்றே முக்கால் மீட்டர். ஸ்கிரீடு ரெண்டரை. மிச்சம் ஒன்றேகால் மீட்டரை ரெண்டு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்கு ரெண்டடி. அதாவது நான் பிழைப்பு நடத்துகிற அகலத்தில்தான் அது மடியும். ஷெட்டில் எக்ஸ்டென்ஷன் உள்ளே இருக்கும், எரியும். சர்வீஸ் ஆள் நாலு தடவை வந்தார், ஒரு தடவையாவது வெளியே தள்ளிப் பார்த்தாரா? அவரைச் சொல்லி என்ன, வண்டிக்காரன் நான் பார்த்தேனா? மூன்று மீட்டர் ரோட்டில் எரிந்த நாளெல்லாம் வெயில் நன்றாக இருக்கிறது, அதனால் எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டவுனில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடைக்காரரிடம் நல்ல ஹோஸாக நீளமாக வாங்கி, பிராக்கெட்டுக்கு வெளியே சுற்றி விட்டோம். சனிக்கிழமை காலை சைட்டில், முழு அகலத்தில், ஸ்விட்சைத் தட்டியதும் மூன்று பர்னரும் ஒன்றாகப் பிடித்தன. அண்ணன் கையில் தீவட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக உண்மையான கோபம் வந்தது. காரணம் தெரியாத வரைக்கும், மெஷின் என்றால் ஒரு நோய் இருக்கத்தான் செய்யும் என்று பொறுத்துப் போனேன். ஒரு முழம் ஹோஸ் என்று தெரிந்த பிறகு ராசிபுரத்தில் வாரிக் கொட்டின லோடு கண்ணில் வந்து நிற்கிறது.

மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு நியாயமாகப் பார்த்தால், கேஸ் ஸ்கிரீடில் தப்பில்லை. எலக்ட்ரிக் என்றால் தகடு முழுக்க ஒரே சீராகச் சூடேறும், அணைந்துவிடுமோ என்ற பயம் இல்லை. ஆனால் ஜெனரேட்டர் மக்கர் செய்தால் நம் ஊரில் பார்க்க ஆளைத் தேட வேண்டும். கேஸ் பர்னரை அடுப்புக் கடைக்காரரே பார்த்துவிடுகிறார், இப்போதுதான் பார்த்தோமே. கேஸில் ஒரே இடத்தில் தீ அதிகமாகி தகடு நெளிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். போட்டோவில் இருக்கிற வண்டி உழைத்த வண்டி மாதிரித்தான் தெரிகிறது. பெயின்டைப் பார்க்க வேண்டாம். ஸ்கிரீடைத் தூக்கச் சொல்லி அடியில் படுத்துப் பாருங்கள், செயினின் தொய்வைப் பாருங்கள், கலவையை இடித்து இறுக்குகிற டேம்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ரெண்டு எக்ஸ்டென்ஷனையும் கடைசி வரைக்கும் வெளியே தள்ளி வைத்து, எல்லா பர்னரையும் உங்கள் கண் முன்னால் பற்றவைக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் சைட்ல பார்த்துக்கலாங்க" என்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். "அப்ப எல்லாம் சரியா இருந்தா வாங்கலாமுங்களா மாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். காரணம் சொல்லத் தெரியவில்லை. போன மாதம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். "சரி, உங்க வண்டியையாவது எனக்குக் குடுங்க, நீங்க புதுசு எடுத்துக்குங்க" என்று சிரித்தார்.

அதெல்லாம் முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.